மின் அளவைக் கருவிகளின் வழியே வெக்டர்: ஒரு வரலாறு

திண்டுக்கல் மாவட்டத்தில் பழனிக்குக் கிழக்கே, பழனி மலையடிவாரத்தில் அமைந்த பேரூராட்சி ஆயக்குடி. கொய்யாச் சந்தைக்குப் பெயர் பெற்ற ஊர். இங்குள்ள தோட்டங்களில் கிணற்றையும் ஆழ்துளைக் கிணற்றையும் நம்பியே பாசனம் நடக்கிறது. ஆகவே தோட்டத்துக்குத் தோட்டம் ஒரு மோட்டார் அறை இருக்கும். அதன் சுவரில் ஸ்டார்ட்டர் பெட்டி, ஒரு வோல்ட்மீட்டர், ஒரு அம்மீட்டர், மூன்று பேஸ்களுக்கும் எரியும் சிவப்பு, மஞ்சள், நீல விளக்குகள் ஆகியவற்றைக் காணலாம். மோட்டாரில் கோளாறு என்றால் எலக்ட்ரீசியன் கையில் கொண்டு வருவது டாங் டெஸ்டர் எனப்படும் கிளாம்ப் மீட்டர். கம்பியை வெட்டாமல், கிடுக்கி போன்ற அதன் வாயைத் திறந்து கம்பியைச் சுற்றிப் பிடித்தால் போதும். எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்று காட்டிவிடும்.

5 குதிரைத்திறன் கொண்ட ஒரு மும்முனை மோட்டார் முழுச் சுமையில் ஓடுவதாகக் கொள்வோம். சிவப்புக் கம்பியைப் பிடித்தால் மீட்டர் 7.5 ஆம்பியர் காட்டும். மஞ்சளிலும் 7.5, நீலத்திலும் 7.5. இப்போது சிவப்பையும் மஞ்சளையும் சேர்த்து ஒரே பிடியில் அளந்தால் 15 வர வேண்டும் அல்லவா? வராது. மறுபடியும் 7.5 தான். மூன்றையும் சேர்த்துப் பிடித்தால் மீட்டர் பூஜ்யம் காட்டும். மீட்டர் பழுதில்லை. மோட்டாரும் ஓடிக்கொண்டிருக்கிறது, தண்ணீரும் கொட்டிக்கொண்டிருக்கிறது.

பள்ளியில் கற்ற கூட்டல் இங்கே செல்லாது என்பதைக் கண்டுபிடிக்க அறிவியலாளர்களுக்கு ஏறத்தாழ 70 ஆண்டுகள் பிடித்தன. 1820இல் ஒரு காந்த ஊசியில் தொடங்கி 1893இல் சிகாகோவில் நடந்த ஒரு மாநாடு வரை நீளும் அந்தக் கதையில், கணிதவியலாளர்களுக்கு நிகரான பங்கு அளவைக் கருவி செய்தவர்களுக்கும் உண்டு.

காவியும் வெக்டரும்

அளவு மட்டும் போதும் என்ற கணியங்கள் சில: நிறை, வெப்பநிலை, நேரம். அளவோடு திசையும் சொன்னால்தான் முழுமையாகும் கணியங்கள் வேறு சில: விசை, திசைவேகம், காந்தப்புலம். இரண்டாம் வகையைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் வெக்டர் என்றும் திசையன் என்றும் வழங்கும். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் இதன் பெயர் காவி, திசையற்றதற்கு எண்ணி. தமிழ்நாட்டு மாணவர் ஒருவருக்குக் காவி என்றதும் துணியின் நிறமே நினைவுக்கு வரும். ஆனால் இங்கே அது காவுதல், அதாவது தோளில் சுமந்து செல்லுதல் என்ற வினையிலிருந்து பிறந்த சொல். காவடி என்பதும் அதே வேரில் வந்ததே. வெக்டர் என்ற இலத்தீன் சொல்லுக்கும் சுமந்து செல்வது என்றே பொருள். ஒரு புள்ளியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் சுமந்து செல்லும் கோடு என்ற கருத்தில் அயர்லாந்துக் கணிதவியலாளர் வில்லியம் ரோவன் ஹாமில்டன் 1840களில் இச்சொல்லைப் புது வகையில் பயன்படுத்தினார். தைப்பூசத்துக்குப் பழனிக்குக் காவடி சுமந்து செல்லும் பாதையில் இருக்கும் ஊர்க்காரர்களுக்கு இலங்கைச் சொல்லே எளிதில் பிடிபடக்கூடும்.

குறுக்கே நின்ற ஊசி

1820இல் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் ஹான்ஸ் கிறிஸ்டியன் எர்ஸ்டெட், மின்னோட்டம் பாயும் கம்பிக்கு அருகில் வைத்த காந்த ஊசி விலகுவதைக் கண்டார். அன்றைய இயற்பியலாளர்களை வியக்க வைத்தது ஊசி அசைந்தது அன்று, அது அசைந்த திசை. அதுவரை அறிந்திருந்த ஈர்ப்பு விசை, மின் விசை எல்லாம் இரு பொருள்களை இணைக்கும் கோட்டின் வழியே இழுப்பவை அல்லது தள்ளுபவை. இந்த ஊசியோ கம்பியை நோக்கியும் திரும்பவில்லை, கம்பியை விட்டு விலகியும் ஓடவில்லை. கம்பிக்குக் குறுக்காக நிற்க முயன்றது. கம்பியின் மேலே வைத்தால் ஒரு பக்கம், கீழே வைத்தால் எதிர்ப்பக்கம். விசையைச் சொல்ல எண் மட்டும் போதாது, திசையையும் கணக்கில் சேர்க்கும் ஒரு மொழி தேவை என்பதை அந்தச் சிறிய ஊசி காட்டிவிட்டது.

அதே ஆண்டில் ஜெர்மனியின் ஷ்வைகர் கம்பியைப் பல சுற்றாகச் சுற்றி ஊசியின் விலகலைப் பெருக்கினார். மின்னோட்டத்தை அளக்கும் கருவிகளின் குடும்பம் அங்கே தொடங்குகிறது. 1837இல் பிரான்சின் கிளாட் பூயே உருவாக்கிய டேன்ஜன்ட் கால்வனோமீட்டர் அக்குடும்பத்தின் மூத்த உறுப்பினர்களில் ஒன்று. தமிழ்நாட்டு மேல்நிலைப் பள்ளி மாணவர்கள் இன்றும் செய்முறைத் தேர்வில் இதைக் கையாளுகிறார்கள். வட்டமான சட்டத்தில் கம்பிச் சுருள், அதன் மையத்தில் ஒரு சிறு காந்த ஊசி, ஊசிக்குச் செங்குத்தாக ஒட்டிய நீண்ட அலுமினிய முள், கருவி அவ்வளவுதான்.

இந்தக் கருவியின் சிறப்பு, வெக்டர் கூட்டலை அது கண்முன் நடத்திக் காட்டுவது. மின்னோட்டம் இல்லாதபோது ஊசி புவிக்காந்தப் புலத்தின் கிடைத்தளக் கூறின் வழியே, வடக்கு தெற்காக நிற்கும். சுருளின் தளமும் அதே திசையில் இருக்குமாறு முதலில் திருப்பி வைக்க வேண்டும். பிறகு மின்னோட்டம் செலுத்தினால் சுருள் தன் புலத்தைக் கிழக்கு மேற்காக உண்டாக்கும். பூமி ஊசியை வடக்கே இழுக்கிறது. சுருள் கிழக்கே இழுக்கிறது. ஊசி இரண்டுக்கும் நடுவே, செவ்வகத்தின் மூலைவிட்டத்தில் போய் நிற்கிறது. அது சாயும் கோணத்தின் டேன்ஜன்ட் மதிப்பு, சுருளின் புலத்தைப் பூமியின் புலத்தால் வகுத்தால் வருவது. கருவிக்குப் பெயர் வந்தது இதனால்தான்.

சுருளைச் சரியான திசையில் வைக்காமல் அவசரமாகத் தொடங்கும் மாணவருக்கு, மின்னோட்டத்தின் திசையை மாற்றும்போது இரு பக்க விலகல்களும் ஒத்துவராது. மேசையின் இரும்புக்கால், பக்கத்தில் வைத்த சாவிக்கொத்து, அடுத்த மேசையில் இன்னொருவர் வைத்த காந்தம் ஆகிய எல்லாம் தங்கள் பங்குக்கு ஒரு அம்பைச் சேர்த்துவிடும். ஊசி எதையும் பிரித்துப் பார்ப்பதில்லை. வந்த அம்புகள் எல்லாவற்றையும் கூட்டி ஒரே திசையைக் காட்டுகிறது.

இடத்துக்கு இடம் மாறும் கருவி

பூயேயின் கருவி ஊருக்கு ஊர் வேறு அளவு காட்டும் என்பதைப் பாடநூல்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. ஆயக்குடிப் பகுதியில் புவிக்காந்தப் புலத்தின் கிடைத்தளக் கூறு ஏறத்தாழ 40 மைக்ரோடெஸ்லா. 8 சென்டிமீட்டர் ஆரமும் 5 சுற்றுகளும் கொண்ட சுருளில் ஊசி 45 பாகை சாய இங்கே ஏறக்குறைய 1 ஆம்பியர் வேண்டும். அதே கருவியை லண்டனுக்குக் கொண்டுபோனால் அரை ஆம்பியரிலேயே ஊசி 45 பாகையைத் தொட்டுவிடும். பூமியின் புலம் அங்கே வலுக்குறைந்தது என்று இதற்குப் பொருளன்று. மொத்தப் புலம் லண்டனில்தான் அதிகம். ஆனால் அது 65 பாகைக்கும் மேலாகத் தரைக்குள் சாய்ந்து இறங்குவதால் கிடைத்தளத்தில் மிஞ்சுவது ஏறத்தாழ 20 மைக்ரோடெஸ்லா மட்டுமே. தென் தமிழ்நாடோ காந்த நடுக்கோட்டுக்கு மிக அருகில் இருக்கிறது. இங்கே புலம் கிட்டத்தட்ட படுத்தே கிடக்கிறது. அம்பின் முழு நீளமும் கிடைத்தளத்துக்கே கிடைத்துவிடுகிறது. ஒரு வெக்டரைக் கூறுகளாகப் பிரிப்பது என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டைக் கரும்பலகையில் வரைவது கடினம்.

இந்த இருப்பிடம் 19ஆம் நூற்றாண்டிலேயே ஆய்வாளர்களின் கவனத்தை ஈர்த்தது. சென்னை வானாய்வகத்தின் டெய்லரும் திருவனந்தபுரம் வானாய்வகத்தின் ஜான் கால்டிகாட்டும் 1830களின் இறுதியில் தென்னிந்தியாவில் பல இடங்களுக்குச் சென்று காந்தப் புலத்தின் சாய்வையும் வலிமையையும் அளந்தார்கள். பின்னர் 1852இல் திருவனந்தபுரத்துக்கு வந்த ஜான் ஆலன் புரௌன், பொதிகை எனப்படும் அகத்தியர் மலையின் உச்சிக்கே கருவிகளைக் கொண்டுபோய் ஆய்வகம் அமைத்தார். உயரம் மாறினால் புலம் எப்படி மாறுகிறது என்று பார்ப்பது அவர் நோக்கம்.

ஆயக்குடிக்குத் தெற்கே நிமிர்ந்து நிற்கும் மலைத்தொடரின் மேல்தான் கொடைக்கானல். அங்கே 1899இல் பணி தொடங்கிய சூரிய ஆய்வகம், சூரியப்புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909இல் கண்டறிந்ததால் உலகப் புகழ் பெற்றது. இந்திய நில அளவைத் துறை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாடு முழுவதும் நடத்திய காந்த அளவைக்குத் தளநிலையங்களில் ஒன்றாகவும் கொடைக்கானல் இருந்தது. கிடைத்தளக் கூறு, செங்குத்துக் கூறு, வடக்கிலிருந்து ஊசி விலகும் கோணம் என்று மூன்று எண்கள் பதிவானால்தான் ஒரு காந்தப்புலம் முழுமையாகப் பதிவானதாகப் பொருள். நண்பகலில் தென்னிந்தியாவின் மேல் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உயரத்தில் கிழக்கு நோக்கிப் பாயும் ஒரு பெரிய மின்னோட்டம் கிடைத்தளக் கூறைச் சற்றே கூட்டிவிடும். சிட்னி சாப்மன் 1951இல் அதற்கு நிலநடுக்கோட்டு மின்தாரை என்ற பொருளில் பெயரிட்டார். டேன்ஜன்ட் கால்வனோமீட்டரின் சுருள் செய்யும் அதே வேலையை வானம் செய்கிறது என்று சொல்லலாம். திசை மட்டும் வேறு.

காந்த ஆய்வகங்களுக்கு மின்சாரமே எதிரியான கதையும் உண்டு. மும்பையின் கொலாபா ஆய்வகத்தில் பல பத்தாண்டுகளாகக் காந்தப் பதிவுகள் நடந்துவந்தன. நகரத்தில் மின்சார டிராம் ஓடப்போகிறது என்றதும், அதன் மின்னோட்டம் உண்டாக்கும் புலம் பூமியின் புலத்தோடு கலந்துவிடும் என்று உணர்ந்து, ஆய்வக இயக்குநர் நானாபாய் மூஸ் கருவிகளைக் கடலுக்கு அப்பாலுள்ள அலிபாகுக்கு மாற்றினார். 1904 முதல் 1906 வரை இரண்டு இடங்களிலும் ஒரே நேரத்தில் அளந்து, பழைய பதிவுகளும் புதியவையும் தொடர்ச்சியாக ஒப்பிடும்படி செய்த பிறகே கொலாபாவில் பதிவு நின்றது.

அம்புக்குறி இருந்தால் வெக்டர் ஆகிவிடுமா?

மின்சுற்றுப் படத்தில் மின்னோட்டத்துக்கு அம்புக்குறி போடுகிறோம். அளவும் இருக்கிறது, திசையும் இருக்கிறது; ஆகவே மின்னோட்டம் வெக்டர் என்று விடை எழுதி மதிப்பெண் இழக்கும் மாணவர்கள் ஆண்டுதோறும் உண்டு. அம்பு மட்டும் போதாது. கூட்டல் விதிக்கும் கட்டுப்பட வேண்டும். செங்குத்தாகச் செயல்படும் 3 நியூட்டன், 4 நியூட்டன் விசைகள் இரண்டும் சேர்ந்தால் 5 நியூட்டன். ஆனால் 3 ஆம்பியரும் 4 ஆம்பியரும் ஒரு சந்திப்பில் கலந்தால், கம்பிகள் எந்தக் கோணத்தில் வந்து சேர்ந்தாலும், வெளியே செல்வது 7 ஆம்பியர். கம்பியை வளைத்தாலும் முறுக்கினாலும் கணக்கு மாறாது. ஆகவே மின்னோட்டம் வெக்டர் அன்று.

நேர்மின்னோட்டம் ஆண்ட காலத்தில் இத்தோடு கதை முடிந்திருக்கும். 1880களில் மாறுமின்னோட்டம் வந்தபோதுதான் சிக்கல் எழுந்தது. இணையாக இணைத்த இரு கிளைகளில் ஒன்றில் வெப்பச் சுருளும் மற்றொன்றில் மின்தேக்கியும் இருந்து, அம்மீட்டர்கள் 3 என்றும் 4 என்றும் காட்டினால், மொத்தக் கம்பியில் இருக்கும் அம்மீட்டர் 7 காட்டாது, 5 காட்டும். விசைகளின் கூட்டல் விதி, அதற்குச் சம்பந்தமே இல்லாத இடத்தில் வந்து நிற்கிறது!

பழைய சோக் வைத்த 40 வாட் குழல் விளக்கிலும் இதையே காணலாம். குழலின் இரு முனைகளுக்கிடையே ஏறத்தாழ 100 வோல்ட், சோக்கின் இரு முனைகளுக்கிடையே ஏறத்தாழ 190 வோல்ட். கூட்டினால் 290. சுவர்ப் பிளக்கில் வருவதோ 230 தான். (இது பயிற்சி பெற்றவர்கள் செய்ய வேண்டிய அளவை, வீட்டில் முயல வேண்டாம்.) இங்கிலாந்தின் அயர்ட்டனும் சம்ப்னரும் 1891இல் இந்த முரண்பாட்டையே ஒரு கருவியாக்கினார்கள். மூன்று வோல்ட்மீட்டர் அளவுகளைப் பக்கங்களாகக் கொண்டு ஒரு முக்கோணம் வரைந்தால், அதன் கோணத்திலிருந்து மின்திறனைக் கணக்கிட்டுவிடலாம் என்று காட்டினார்கள். கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியாமல் முக்கோணமாக விரிவதற்குக் காரணம், மாறுமின்னோட்டத்தின் அலைகள் ஒரே நேரத்தில் உச்சம் தொடாமல் முன்பின்னாக வருவது. சோக்கில் மின்னழுத்த உச்சம் முந்தி வரும். மின்தேக்கியில் மின்னோட்ட உச்சம் முந்தும். அந்தக் கால வேறுபாட்டைக் கோணமாக வரையலாம். ஒரு முழுச் சுழற்சி 360 பாகை. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அது 20 மில்லிநொடி. 5 மில்லிநொடி தாமதம் என்றால் 90 பாகை.

இந்த அம்புகள் வெளியில் எந்தத் திசையையும் காட்டுவன அல்ல. கிழக்கும் மேற்கும் அவற்றுக்கு இல்லை, காலத்தையே காட்டுகின்றன. ஆனாலும் கூட்டல் விதி ஒன்றே என்பதால் பொறியாளர்கள் நெடுங்காலம் அவற்றையும் வெக்டர் என்றே அழைத்தார்கள். இன்று ஃபேஸர் அல்லது கட்ட வெக்டர் என்ற பெயர் நிலைத்துவிட்டது. பெயர்க் குழப்பம் மாணவர்களைப் பாடுபடுத்தியிருக்கலாம், ஆனால் பொறியாளர்கள் செய்த அந்தச் சிறு அத்துமீறல் மின்துறைக்குப் பெரும் நன்மை செய்தது.

இதைக் கணிதமாக ஒழுங்குபடுத்தியவர்கள் இருவர். ஒருவர் ஆர்தர் கென்னெல்லி. 1861இல் மும்பையின் அதே கொலாபாவில் பிறந்தவர். தந்தி ஊழியராக வாழ்க்கையைத் தொடங்கி எடிசனிடம் பணியாற்றியவர். மற்றவர் ஜெர்மனியிலிருந்து அமெரிக்கா சென்ற சார்லஸ் ஸ்டைன்மெட்ஸ். 1893இல் கென்னெல்லி மின்னெதிர்ப்புப் பற்றிய கட்டுரையையும், அதே ஆண்டு ஆகஸ்டில் சிகாகோ மின் மாநாட்டில் ஸ்டைன்மெட்ஸ் தம் முறையையும் வெளியிட்டார்கள். பக்கம் பக்கமாக நீண்ட வகைக்கெழுச் சமன்பாடுகள் அதன்பின் சில வரிகளில் முடிந்தன. வெளிசார்ந்த வெக்டர்களுக்கு இன்றைய வடிவம் தந்தவர்களில் ஒருவரான ஆலிவர் ஹெவிசைடும் தந்தி ஊழியராக இருந்தவர்தான். அமெரிக்காவின் ஜோசையா வில்லர்ட் கிப்ஸும் அவரும் தனித்தனியே 1880களில் உருவாக்கிய குறியீடுகளே இன்றும் பாடநூல்களில் உள்ளன.

கறுப்புப் பெட்டிக்குள் சுழலும் தட்டு

தமிழ்நாட்டு வீடுகளில் அண்மைக்காலம் வரை கண்ணாடி முகப்புக்குப் பின்னால் ஒரு அலுமினியத் தட்டு சுழன்றுகொண்டிருக்கும். தட்டு வேகமாகச் சுற்றினால் பில் கூடும் என்பது சிறுவர்களுக்கும் தெரியும். அந்தத் தட்டு ஒரு கணக்கைப் போட்டுக்கொண்டே இருந்தது என்பது பலருக்குத் தெரியாது.

1885இல் இத்தாலியின் டுரின் நகரில் கலிலியோ ஃபெர்ராரிஸ் இரண்டு சுருள்களைச் செங்குத்தாக வைத்து, ஒன்றுக்கொன்று கால்சுழற்சி முன்பின்னான மின்னோட்டங்களைச் செலுத்தினார். இரு புலங்களின் கூட்டுத்தொகையான அம்பு, நிற்காமல் சுழன்றது. நடுவே வைத்த செம்பு உருளையும் சுழன்றது. வெளிசார்ந்த வெக்டரும் காலம் சார்ந்த வெக்டரும் கைகோத்த இடம் இது. இதைத் தனியே கண்டுபிடித்த நிக்கோலா டெஸ்லாவின் காப்புரிமைகளும் ஃபெர்ராரிஸின் கட்டுரையும் 1888இல் வெளிவந்தன. அதே ஆண்டு அமெரிக்காவின் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தில் ஆலிவர் ஷாலன்பெர்கர் ஒரு வில்விளக்கை ஆராயும்போது உள்ளே தவறி விழுந்த சிறு சுருள்வில் தானாகத் திரும்புவதைக் கவனித்தார். அதைப் பிடித்துக்கொண்டு சில வாரங்களில் ஒரு மீட்டரைச் செய்துவிட்டார்.

ஆனால் ஷாலன்பெர்கரின் மீட்டர் ஆம்பியரை மட்டும் எண்ணியது. மின்னழுத்தத்தோடு மின்னோட்டம் ஒத்திசைந்து வருகிறதா, பின்தங்கி வருகிறதா என்று அது பார்க்கவில்லை. விளக்குகள் மட்டும் எரிந்த காலத்தில் குறை தெரியவில்லை. மோட்டார்கள் வந்ததும் செய்யாத வேலைக்கும் சேர்த்துக் கணக்கு எழுதும் மீட்டராக அது ஆகியிருக்கும். 1889இல் புடாபெஸ்டின் கன்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஓட்டோ பிளாத்தி செய்த மீட்டரில் இரண்டு சுருள்கள் இருந்தன. தடித்த கம்பியில் சில சுற்றுகள் மின்னோட்டத்துக்கு; மெல்லிய கம்பியில் ஏராளமான சுற்றுகள் மின்னழுத்தத்துக்கு. இரண்டாவது சுருளின் புலம் ஏறத்தாழ 90 பாகை பின்தங்கும்படி அமைந்ததால், தட்டைத் திருப்பும் விசை மின்னழுத்தம், மின்னோட்டம், அவற்றிடையேயான கோணத்தின் கொசைன் ஆகிய மூன்றின் பெருக்கலாக ஆனது. பாடநூலில் இரு வெக்டர்களின் புள்ளிப் பெருக்கல் என்று படிப்பது இதுவே. பிற்காலத்து மீட்டர்களில் அந்த 90 பாகையைத் துல்லியமாக்க ஒரு சிறிய செம்பு வளையத்தை நகர்த்திச் சரிசெய்வார்கள்.

இந்த மீட்டரோடு வெறும் மின்தேக்கியை மட்டும் இணைத்தால், அம்மீட்டரில் மின்னோட்டம் தெரியும். தட்டோ அசையாது. கோணம் 90 பாகை, கொசைன் பூஜ்யம்.

மலையிலிருந்து வந்த மின்சாரம்

தமிழ்நாட்டில் நீர்மின்சாரம் பெரிய அளவில் 1932இல் நீலகிரியின் பைக்காராவில் தொடங்கியது. 1937இல் மேட்டூரும் 1944இல் பாபநாசமும் சேர்ந்தன. கோவைப் பகுதியின் பஞ்சாலைகளுக்கும் கிணற்றுப் பாசனத்துக்கும் இது திருப்புமுனை. 1957இல் மின்வாரியம் அமைந்த பிறகு கிராமங்களுக்கு மின்கம்பிகள் விரைவாகப் பரவின; கமலை இறைத்த கிணறுகளில் பம்புசெட்டுகள் இறங்கின.

இரண்டு மின்நிலையங்களை இணைக்கும் நேரத்திலும் அம்புகளே ஆட்சி செய்யும். இரண்டின் மின்னழுத்தமும் அதிர்வெண்ணும் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது. இரண்டு கட்ட வெக்டர்களும் ஒரே பக்கம் பார்க்க வேண்டும். இதற்கென்றே மின்நிலையங்களில் சிங்க்ரோஸ்கோப் என்ற கருவி உண்டு. கடிகாரம் போன்ற முகப்பில் முள் மெல்லச் சுழலும். முள் 12 மணி இடத்துக்கு வரும் கணத்தில் இணைப்பை மூட வேண்டும். 6 மணி இடத்தில் மூடினால் ஜெனரேட்டரின் கதி அதோகதிதான். கட்ட வெக்டரை அப்படியே முள்ளாக்கிக் காட்டும் கருவி இது ஒன்றே எனலாம்.

மூன்று அம்புகளும் ஒரு காயிலும்

மீண்டும் தோட்டத்து மோட்டாருக்கு வருவோம். மும்முனை மின்சாரத்தின் மூன்று அம்புகள் ஒன்றுக்கொன்று 120 பாகை விலகியவை. நீளம் சமம். அவற்றை ஒன்றின் நுனியில் மற்றொன்றாக வைத்தால் மூடிய முக்கோணம் கிடைக்கும். அதுதான் டாங் டெஸ்டர் காட்டிய பூஜ்யம். இரண்டை மட்டும் கூட்டினால், மூன்றாவதற்குச் சமமும் எதிருமான அம்பு வரும். அதுதான் இரண்டாவது முறையாகத் தெரிந்த 7.5.

இந்தச் சமநிலை கெட்டால் செலவு விவசாயிக்கு. ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாருக்கு ஒரு பேஸ் பியூஸ் போய்விட்டால், எஞ்சிய இரு கம்பிகளே முழுச் சுமையையும் தாங்க வேண்டும். அவற்றில் மின்னோட்டம் ஏறத்தாழ 1.73 மடங்காகி, 7.5 ஆம்பியர் 13 ஆம்பியராக உயரும். அந்த 1.73 என்பது 3இன் வர்க்கமூலம்; 120 பாகை முக்கோணத்திலிருந்து வருவது. ஸ்டார்ட்டரில் சுமைப் பாதுகாப்பு சரியாக இல்லாவிட்டால் சற்று நேரத்தில் காயில் புகைந்துவிடும். மோட்டாரைத் தூக்கி, கடைக்குக் கொண்டுபோய், காயில் கட்டி, மறுபடி இறக்குவதற்குள் கோடையில் பயிர் வாடிவிடும். பேஸ் போனதும் ஸ்டார்ட்டரைத் தானாகவே விடுவிக்கும் பாதுகாப்புக் கருவி, மூன்று அம்புகளின் கூட்டல் பூஜ்யத்திலிருந்து விலகுகிறதா என்பது போன்ற சோதனையைத்தான் இடைவிடாமல் செய்துகொண்டிருக்கிறது.

மும்முனை மின்சாரம் குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டுமே கிடைத்த கிராமங்களில், இருமுனை நேரத்திலும் மோட்டாரை ஓட்ட விவசாயிகள் கன்டென்சர் வைத்தார்கள். கன்டென்சர் மின்னோட்டத்தை முந்த வைக்கிறது. அதனால் இல்லாத மூன்றாவது அம்புக்கு ஒரு போலி கிடைத்து, சுழலும் புலம் ஒருவாறு உருவாகிறது. ஃபெர்ராரிஸ் செய்ததும் ஏறக்குறைய இதுவே. ஆனால் போலி அம்பு நீளத்திலும் கோணத்திலும் பிசகுவதால் காயில் கூடுதலாகச் சூடாகும். மின்வாரியத்துக்கும் இது தலைவலி.

கன்டென்சருக்கு முறையான பயன் வேறு. மேற்சொன்ன 5 குதிரைத்திறன் மோட்டார் 415 வோல்ட்டில் 7.5 ஆம்பியர் இழுக்கும்போது வோல்ட்டையும் ஆம்பியரையும் 3இன் வர்க்கமூலத்தையும் மட்டும் பெருக்கிப் பார்த்தால் ஏறத்தாழ 5.4 கிலோவோல்ட்-ஆம்பியர். உண்மையில் அது எடுக்கும் திறன் 4.4 கிலோவாட் அளவில்தான் இருக்கும். மின்னோட்டம் ஏறத்தாழ 36 பாகை பின்தங்குவதே காரணம். சரியாக இணைத்த 2 கிலோவார் கன்டென்சர் இந்தப் பின்தங்கலில் பெரும்பகுதியை எதிர்த்திசை அம்பால் ஈடுசெய்துவிடும். வெளியிலிருந்து வரும் கம்பியில் 7.5 ஆம்பியர் 6.3 ஆகக் குறையும். மோட்டார் செய்யும் வேலை குறையாது. கம்பியில் இழப்பும் மின்னழுத்தச் சரிவும் குறைவதால், மின்மாற்றியிலிருந்து தொலைவில், கடைசிக் கம்பத்தில் இருக்கும் தோட்டத்துக்கே ஆதாயம் அதிகம். திண்டுக்கல் பகுதி நூற்பாலைகளில் இதே கோணத்துக்காகக் கன்டென்சர் வரிசைகளே வைத்திருக்கிறார்கள்; திறன்காரணி குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் பில்லில் கூடுதல் தொகை வரும் என்பதால் அவர்கள் மீட்டரை விடாமல் பார்க்கிறார்கள்.

தோட்டங்களில் அப்படிப் பார்ப்பதற்கு மீட்டர் இல்லை. 1990 முதல் தமிழ்நாட்டில் விவசாயப் பம்புசெட்டுகளுக்கு மின்சாரம் இலவசம். கட்டணம் இல்லாததால் பெரும்பாலான இணைப்புகளில் பிளாத்தியின் தட்டுக்கும் வேலை இல்லாமல் போனது. ஆகவே கன்டென்சர் வைத்தால் விவசாயிக்குப் பணம் மிச்சமாவதில்லை. காயிலின் ஆயுள் கூடுவதும் பக்கத்துத் தோட்டத்துக்கு மின்னழுத்தம் சற்று உயர்வதும்தான் பலன். இரண்டாவது பலன் கன்டென்சர் வைத்தவருக்கு அன்றி அடுத்தவருக்குப் போவதால், பல மோட்டார் அறைகளில் அந்தச் சிறிய பெட்டி இன்னும் இடம்பெறாததில் வியப்பில்லை.

வீடுகளில் தட்டு மீட்டர்களின் இடத்தை இப்போது மின்னணு மீட்டர்கள் பிடித்துவிட்டன. அவற்றுள் சுழல்வது எதுவுமில்லை. நொடிக்குப் பல நூறு முறைக்கு மேல் மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் மாதிரி எடுத்து, அந்தந்தக் கணத்தின் இரு எண்களையும் பெருக்கிக் கூட்டிக்கொண்டே போகின்றன. கொசைன் தானாக வந்துவிடுகிறது. வீட்டுப் பெட்டியிலுள்ள மின்கசிவுத் துண்டிப்பானும் ஆயக்குடி எலக்ட்ரீசியனின் டாங் டெஸ்டர் போன்றதே: போகும் கம்பியையும் திரும்பும் கம்பியையும் ஒரே வளையத்துக்குள் விட்டு, கூட்டுத்தொகை பூஜ்யமா என்று பார்க்கிறது. ஈரக்கையால் தொட்டவரின் உடல் வழியே 30 மில்லிஆம்பியர் தரைக்குப் போனால் கூட்டல் பூஜ்யம் ஆகாது; வளையத்தில் அந்த மிச்ச அம்பு தோன்றியதும் நொடியின் சிறு பகுதிக்குள் இணைப்பு அறுந்துவிடும்.